மணவாளன் பெயரில் ஒரு முகம்

தங்கவேல் சென்னீர்குப்பம் நிறுத்தத்தில் இறங்கி, லாரிகளுக்கு வழிவிட்டு நெடுஞ்சாலையைக் கடந்து, மைதானத்துக்குள் நுழைந்தபோது அவருடைய படத்துக்கு மாலை போட்டிருந்தது.

முதலில் பேனரைத்தான் பார்த்தார். பன்னிரண்டடி உயரம். ‘அமரர் மணவாளன் நினைவுக் கோப்பை, ஒன்பதாம் ஆண்டு’ என்ற எழுத்துகளுக்குக் கீழே ஓர் இளைஞனின் முகம். சுருட்டை முடி, மெல்லிய மீசை. கழுத்துக்குக் கீழே யாருடையதோ நீலக் கோட்டும் சிவப்பு டையும். பேனரின் அடியில் ஒரு மேசை, அதன்மேல் சட்டமிட்ட அதே படம், சாமந்தி மாலை, பக்கத்தில் குத்துவிளக்கு. விளக்கில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள்.

முகம் அவருடையது. இருபத்தைந்து வயதில் அவர் அப்படித்தான் இருந்தார். ஆனால் கோட்டு அவருடையதல்ல. வாழ்நாளில் ஒரு தடவைகூட அவர் கோட்டு போட்டதில்லை. அதிர்ச்சியில் மனம் எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடும் போலிருக்கிறது. அவருடைய மனம் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டது. ‘நான் கோட்டு போட்டதே இல்லையே, போட்டதே இல்லையே’ என்று இரண்டு மூன்று முறை உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே நின்றார்.

“வாங்க சார், வாங்க!” என்று ஓடிவந்தான் கால்பந்துக் கழகத்தின் செயலாளர் திருமுருகன். நாற்பது வயதிருக்கும். பூந்தமல்லியில் செல்போன் கடை வைத்திருக்கிறான். இரண்டு வாரங்களுக்கு முன் அவன்தான் தங்கவேலின் எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்திருந்தான். “எட்டரைன்னா எட்டரைக்கே வந்துட்டீங்க. நம்ம பசங்க இப்பதான் பல்லு வெளக்கிகினு கீறானுங்க.”

“இந்தப் படம்…”

“சூப்பரா கீதுல்ல? ஃப்ளெக்ஸ்காரன் வேலை சார். ஜெர்சியோட போட்டா கெத்து இல்லன்னான். கோட்டு மாட்டி உட்டுட்டான்.”

“எங்கேருந்து எடுத்தீங்க இத?”

“பழைய கேப்டன் இறந்தாரு இல்ல, அவரு ஊட்டு பரண்மேல இருந்திச்சு. எம்பத்தாறு ஃபைனல் குரூப் போட்டோ. அடியிலயே எல்லார் பேரும் டைப் அடிச்சு ஒட்டியிருந்தாங்க. நிக்கறவங்கள்ல மூணாவது ஆளு மணவாளன். அத்த மட்டும் வெட்டிப் பெருசாக்கிட்டோம். ஒரே ஒரு பெர்சு மட்டும் ‘இவன் அவன் மாதிரி இல்லையேடா’ன்னுச்சு. கண்ணு ஆபரேசன் பண்ணிக்கோ நைனான்னு அனுப்பிச்சிட்டோம்.” அவன் சிரித்தான். பிறகு குரலைத் தணித்து, “நீங்க ஸ்கூல்ல அவரோட ஆடுனவரு. உங்களுக்கு அவர பாத்ததும் ஒரு மாதிரி ஆயிடிச்சு, இல்ல சார்? உக்காருங்க, டீ கொண்டாரச் சொல்றேன்” என்றான்.

தங்கவேல் உட்கார்ந்தார். மேடையில் பேச எழுதிக்கொண்டு வந்திருந்த இரண்டு பக்கக் காகிதம் சட்டைப்பையில் இருந்தது. அதில் ஒரு வரிகூட இப்போது அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

ஆவடியில் அவரை அறிந்தவர்கள் அவரை நல்ல ஆட்டக்காரர் என்பார்கள். சிறந்த ஆட்டக்காரர் என்று யாராவது சொன்னால் அவரே மறுத்துவிடுவார். இருபத்துமூன்று வயதில், பந்து விளையாடியதற்காகவே ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அதன் அணிக்குப் பதினோரு ஆண்டுகள் ஆடினார். முழங்கால் ஒத்துழைக்க மறுத்தபின் அறுபது வயது வரை அதே தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் நின்றார். ஊர் பேசுகிற மாதிரி ஒரே ஒரு கோல்தான் அவர் போட்டார். அந்தக் கோல் அவர் பெயரில் இல்லை.

தொழிற்சாலை அணியில் இருப்பவர்கள் வெளி அணிக்கு ஆடக்கூடாது என்பது விதி. மீறினால் மெமோ வரும், வேலைக்கே ஆபத்து. பூந்தமல்லிப் பள்ளியில் அவரோடு படித்த மணவாளன், அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் வேலைசெய்துகொண்டே சென்னீர்குப்பம் அணிக்கு ஆடிவந்தான். எண்பத்தாறில் அந்த அணி முதன்முறையாக ஓர் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. ஆட்டத்துக்கு முந்தின நாள் மணவாளனின் கணுக்கால் பிசகிக்கொண்டது. புதிதாக ஆள் சேர்க்க முடியாது, பதிவு முடிந்துவிட்டது. எனவே தங்கவேல் மணவாளனின் சட்டையைப் போட்டுக்கொண்டு, மணவாளனின் பெயரில், மணவாளனாகவே இறங்கினார். ஆள் மாற்றி ஆடுவது அந்த நாளில் எல்லா அணியும் செய்ததுதான். ஆட்டத்துக்கு முன் போட்டோ எடுத்தார்கள். போட்டியை நடத்தியவர்கள் பதிவுப் படிவத்தைப் பார்த்துப் பெயர்களை டைப் அடித்தார்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் அவர் போட்ட கோலில் கோப்பை வந்தது. ஆட்டம் வெளியூரில் நடந்ததால் விஷயம் அணிக்குள்ளேயே நின்றது. மறுநாளிலிருந்து ஊர் மணவாளனைக் கொண்டாடியது.

மூன்று வருடம் கழித்து, நடந்துபோய்க்கொண்டிருந்த மணவாளன் மேல் நெடுஞ்சாலையில் ஒரு லாரி ஏறியது. அப்போது அவனுக்கு எட்டு மாதக் கைக்குழந்தை இருந்தது. தங்கவேல் சுடுகாடு வரை போனார், பதினாறாம் நாளுக்கும் போனார், பிறகு போகவில்லை. காரணம் என்று ஒன்றும் இல்லை. போகாமலிருப்பது பழகிவிட்டது. அன்று ஆடிய பதினொரு பேரில் இப்போது அவரோடு சேர்த்து மூவர்தான் மிச்சம். ஒருவர் ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறார். மற்றவருக்கு நினைவு தப்பிவிட்டது.

ஆக, அந்த முகம் யாருடையது என்று தெரிந்த ஆள் இந்த மைதானத்தில் தான் ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டார். எழுந்துபோய்த் திருமுருகனிடம் சொல்லிவிடலாம். தவறு நடந்துவிட்டது தம்பி, பேனரை இறக்கு என்றால் முடிந்தது. இரண்டு நிமிட வேலை. எழுந்தே விட்டார்.

அந்த நேரத்தில்தான் ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பின்னால் அவளுடைய அம்மா. வண்டியை நிறுத்தியதும் யாரையும் பார்க்காமல் நேராக மேசைக்குப் போனாள். முந்தானையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தாள். படத்தின் நெற்றியில் சந்தனம் வைத்தாள். கண்ணை மூடி நின்றாள். தன் நெற்றியில் ஈரம் பட்டதுபோல் தங்கவேல் கையைத் தூக்கித் துடைத்துக்கொண்டார்.

“சார், இவங்கதான் மணவாளன் அவரோட பொண்ணு, தாட்சாயிணி. லேப் டெக்னீசியனா கீறாங்க. வருசா வருசம் கோப்பை இவங்க குடுக்கறதுதான்” என்றான் திருமுருகன்.

“நீங்கதான் தங்கவேல் பெரியப்பாவா?” தாட்சாயிணி சட்டென்று குனிந்து அவர் காலைத் தொட்டாள். “அம்மா சொல்லியிருக்காங்க, அப்பாவோட கூட்டாளின்னு. உங்கள பாக்கணும்னு எத்தன நாளா நெனச்சிகினு இருந்தேன் தெரியுமா?”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் கைபேசியை எடுத்துக் காட்டினாள். திரையில் அதே முகம், கோட்டோடு. “எழுந்ததும் இவரு மூஞ்சிலதான் முழிப்பேன். எனக்கு எட்டு மாசம் இருக்கறப்பவே போயிட்டாரு. இருபத்தாறு வயசு வரைக்கும் எங்கப்பா எப்டி இருப்பாருன்னே தெரியாது பெரியப்பா. எங்களுக்குன்னு ஒரு போட்டோ கெடையாது. இந்த டோர்னமென்ட் ஆரம்பிச்சப்பதான் மொத மொத பாத்தேன். என் பொண்ணுக்கு அப்படியே தாத்தா மூக்கு. எங்க ஊட்டுல எல்லாருமே சொல்லுவாங்க.”

அவள் கைபேசியைத் தள்ளி மகளின் படத்தைக் காட்டினாள். தங்கவேல் அந்தக் குழந்தையின் மூக்கைப் பார்த்தார். குழந்தையின் மூக்கு, அவ்வளவுதான். அதில் அவருடையது எதுவும் இல்லை. ஆனால் ‘அப்படியே’ என்று சொன்னபோது அந்தப் பெண்ணின் கண் இருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, இருக்கலாம் என்று தலையாட்டினார். பிறகு, தான் தலையாட்டியதை நினைத்துத் திடுக்கிட்டார். இரண்டு நிமிட வேலை என்று அவர் நினைத்தது இனி இரண்டு நிமிட வேலை இல்லை. ஒரு பேனரில் தவறு இருந்தால் திருத்தலாம். ஒன்பது வருடமாக ஒரு மனுஷி தினமும் கண்விழிக்கிற முகத்தை என்ன செய்வது?

“அண்ணா, இப்டி வாண்ணா. ஒரு வார்த்த” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பொன்னம்மாள். மணவாளனின் மனைவி. முப்பத்தைந்து வருடத்துக்கு முன் பார்த்தது. முடி நரைத்திருந்தது, நடை மாறவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போய் நின்றாள்.

“பொன்னம்மா, உனக்குக் கண்ணு சரியாத் தெரியுதா?” என்று கேட்டார். வேறெப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

“எனக்குக் கண்ணு நல்லாத்தான் கீது. அது நீதான்னு மொத நாளே தெரியும்ண்ணா.”

தங்கவேல் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “தெரியுமா?”

“எட்டாம் நம்பர் சட்டைல நீ ஆடுன கத எனக்குத் தெரியாதா? கண்ணாலத்துக்கு முன்னாடியே அந்தாளு சொல்லிட்டாரு. சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.”

“தெரிஞ்சுமா ஒம்போது வருஷமா…”

“இன்னா பண்ணச் சொல்ற? இருந்தது ஒரே படம். கூரை ஊடு. ஒரு மழைல ஒழுகி, படம் கண்ணாடியோட ஒட்டிகிச்சு. பிரிச்சா மூஞ்சி பாதி கண்ணாடிக்கு வந்திச்சு. அப்பறம் அதுவும் போச்சு. இவளுக்கு அப்போ ரெண்டு வயசு. வளந்தப்பறம் தெனம் கேப்பா. அப்பா எப்டிமா இருப்பாருன்னு. அப்டி இருக்கச்ச ஒரு நாளு வேலைக்குப் போனவ ஓடியாறா. ‘அம்மா, அப்பா, அப்பா’ன்னு. கண்ணாலம் ஆயி வவுத்துல புள்ளயோட கீறவ, சின்னக் கொயந்த கணக்கா அந்தப் படத்த நெஞ்சுல வெச்சிகினு அழுவுறா. ‘இது உங்கப்பன் இல்ல, குடு’ன்னு நான் புடுங்கணுமா?”

“மறுநாள் சொல்லியிருக்கலாமே.”

“மறுநாளு பூ வாங்கினு வந்துட்டா. அதுக்கு மறுநாளு சட்டம் போட்டுகினு வந்துட்டா. ஒரு நாளு தள்ளிப் போச்சுன்னா வாயே வராதுண்ணா.” அவள் குரல் இறங்கியது. “நீ கோலப் பத்திப் பேசு. அவரு போட்டார்னே சொல்லு. மூஞ்சியப் பத்தி மட்டும் வாயத் தொறக்காத. உன்னக் கையெடுத்துக் கும்புடறேன்.”

கும்பிட்டே விட்டாள். தங்கவேல் அந்தக் கைகளைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். தான் ஒருவனுக்குத்தான் தெரியும் என்று கால்மணி நேரமாகச் சுமந்துகொண்டிருந்த பாரத்தை இவள் ஒன்பது வருடமாகச் சுமந்திருக்கிறாள். அது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். இல்லை, இன்னும் பயமாகத்தான் இருந்தது. தவறு என்று தெரியாமல் நடந்தது வேறு. தெரிந்தே ஒருத்தி தண்ணீர் ஊற்றி வளர்த்த தவறு வேறு. அதற்கு இப்போது வேர் இருந்தது.

ஷாமியானாவின் கீழ் எண்பது பேர் இருந்தார்கள். பாதிப்பேர் ஆட வந்த பையன்களும் பெண்களும். கூட அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்க வந்த சிலர். விளக்கேற்றினார்கள். திருமுருகன் மைக்கைப் பிடித்து, “அந்த எம்பத்தாறு கோல நேர்ல பாத்த மனுசன், நம்ம தங்கவேல் சார்” என்றதும் விசில் பறந்தது. முதல் வரிசையில் தாட்சாயிணி கைபேசியை உயர்த்திப் படமெடுக்கத் தயாராக இருந்தாள். பக்கத்தில் பொன்னம்மாள் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தங்கவேல் காகிதத்தை எடுக்கவில்லை. மணவாளன் பள்ளியில் வெறுங்காலோடு ஆடியதைச் சொன்னார். பட்டறையிலிருந்து எண்ணெய்க் கையோடு பயிற்சிக்கு வந்து பந்தையெல்லாம் கறுப்பாக்கியதைச் சொன்னார். சிரித்தார்கள். அதுவரை எல்லாம் உண்மை.

“அந்த கோல் சார்!” என்று ஒரு பையன் கத்தினான். “கோலுக்கு வா அண்ணாத்தே!” என்று இன்னொருவன்.

“வரேன்பா” என்றார். “கடைசி அஞ்சு நிமிஷம். கார்னர்லேர்ந்து பந்து வருது. மணவாளன் பின்பக்கமா ஓடிவந்து அதை நெஞ்சுல வாங்கினான்.”

சொல்லும்போதே நெஞ்சில் அந்தப் பந்து வந்து விழுந்தது. ஈரத் தோல் பந்தின் கனம், அடிபட்ட இடத்தின் எரிச்சல். “கண்ணுல வெயில். கோல்கீப்பர் நிழலா மட்டும் தெரியறாரு. பந்து கீழ விழறதுக்கு முன்னாடி இடது காலால…” சுவாரஸ்யமாகத்தான் சொன்னார். கூட்டம் மூச்சைப் பிடித்துக் கேட்டது. பொய் இவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வருவதைக் கண்டு அவரே மிரண்டார். அடித்த கால் அவருடையது, பெயர் மட்டும்தான் மாறியிருந்தது. பெயரை மாற்றுவது இவ்வளவு எளிதா?

“அடிச்சான். பந்து வலைக்குள்ள போச்சு. கோல்கம்பத்துக்குப் பின்னாடி…”

அங்கே நின்றுவிட்டார்.

கோல்கம்பத்துக்குப் பின்னால்தான் மணவாளன் உட்கார்ந்திருந்தான். எதிரணிக்காரர்கள் அடையாளம் கண்டுவிடக்கூடாது என்று தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு, வீங்கிய காலை நீட்டிக்கொண்டு. கோல் விழுந்ததும் ஒற்றைக் காலில் எழுந்து குதித்தான். குதித்தபோதும் துண்டை விடவில்லை. இப்போது இந்தக் கதையில் அவனை எங்கே உட்காரவைப்பது? கோல் போட்டவன் மணவாளன் என்றால், துண்டுக்குள் இருந்தவன் யார்? ஒரே மைதானத்தில் இரண்டு மணவாளன் இருக்க முடியாது. இந்தக் கதையை முடிக்கவேண்டுமானால் உண்மையான மணவாளனைக் கம்பத்துக்குப் பின்னாலிருந்து எழுப்பி வெளியே அனுப்பவேண்டும். அன்று லாரி செய்ததை இன்று தான் மைக் பிடித்துச் செய்துகொண்டிருப்பதாகத் தங்கவேலுக்குத் தோன்றியது.

“தண்ணி குடிங்க சார்” என்று திருமுருகன் கிசுகிசுத்தான்.

“வேணாம்பா.” தங்கவேல் தாட்சாயிணியைப் பார்த்துப் பேசினார். “அம்மா, அந்த ஃபோனை அணைச்சிடு. அந்த கோல் உங்கப்பா போடல. நான் போட்டேன், அவன் பேர்ல. அவனுக்கு அன்னிக்குக் கால் பிசகியிருந்தது. கோலுக்குப் பின்னாடி துண்டு போத்திகிட்டு உக்காந்திருந்தான். போட்டோ எடுக்கும்போதும் அவன் வந்து நிக்கல. நிக்க முடியாது. அவன் சட்டையில நான் நின்னேன்.” திரும்பிப் பேனரைக் காட்டினார். “அது நான்.”

நெடுஞ்சாலையில் லாரிகள் போவது மட்டும் கேட்டது.

“அப்போ அது செல்லாத கோலு மாமே!” என்றான் பின்வரிசையில் ஒருவன். பக்கத்தில் இருந்தவன் அவன் மண்டையில் ஒன்று வைத்தான்.

திருமுருகன் பேனரையும் தங்கவேலையும் மாறி மாறிப் பார்த்தான். சட்டென்று, “ஐயையோ, உயிரோட கீற மனுசனுக்கு மால போட்டு வெளக்கேத்திட்டமே!” என்று அலறிக்கொண்டு மேசைக்கு ஓடினான். ஓடியவன் மாலையைத் தொடத் தயங்கி, பாதிக் கையை நீட்டியபடி அப்படியே நின்றான்.

தாட்சாயிணி எழுந்து வந்தாள். தங்கவேலின் எதிரே மிக அருகில் நின்று, அவருடைய வழுக்கையை, நரைத்த தாடியை, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மூக்கில் வந்து அவள் பார்வை நின்றது.

“ஒம்போது வருசமா நான் கும்புட்டது உங்களையா?”

“ஆமாம்மா.”

“நான் பேசினதெல்லாம்… ராப்பகலா அவருகிட்ட சொன்னதெல்லாம்…” சட்டென்று கோபமாக, “அப்போ எங்கப்பா எப்டி இருப்பாரு? சொல்லுங்க! கூட்டாளிதான நீங்க?” என்றாள்.

“உயரமா இருப்பான். கறுப்பா. ஒல்லியா. நல்லாச் சிரிப்பான்.” சொல்லிவிட்டு அவரே உணர்ந்தார், இதில் சென்னீர்குப்பத்துப் பாதி ஆண்கள் அடங்கிவிடுவார்கள். இன்னும் தேடினார். துண்டு வந்தது, வீங்கிய கால் வந்தது, எண்ணெய்க் கை வந்தது. முகம் வரவில்லை. பத்து வருடம் கூடவே திரிந்தவனின் முகம் எங்கே போயிற்று? அன்று காலையில் பார்த்த எதுவும் இந்த வெறுமையைப்போல் அவரைக் குலைக்கவில்லை.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதாம்மா என்கிட்ட இருக்கு.”

தாட்சாயிணி அம்மாவின் பக்கம் திரும்பினாள். “உனக்குத் தெரியுமா?”

பொன்னம்மாள் நாற்காலியிலிருந்து எழவில்லை. “தெரியும்.”

“எப்பத்திலேர்ந்து?”

“நீ கொண்டாந்த அன்னிலேர்ந்து.”

மகள் அடிக்கப்போகிறவள்போல நடந்து வந்தாள். பொன்னம்மாள் அசையாமல் நிமிர்ந்து பார்த்தாள். இப்போது அவள் கண்ணிலும் கோபம் இருந்தது. அது எப்போது வந்தது என்று தங்கவேலுக்குத் தெரியவில்லை.

“என்ன மொறைக்கற? அந்தாளப் போயி கேக்கறியே, அந்தாளுக்கு இன்னாடி தெரியும்? என்னக் கேட்டியா நீ? அது கைக்கு வர்ற வரிக்கும் தெனம் கேட்ட. அது வந்த அன்னிலேர்ந்து ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அப்பா எப்டிமா இருப்பாருன்னு என்னாண்ட கேட்டியா? சோறு போடறச்ச சொல்லலாம்னு இருப்பேன். நீ படத்தப் பாத்துகினு துன்னுவ. நானும் வாய மூடிகினு இருந்தேன்.”

தாட்சாயிணி அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், மண்ணில், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆட்டம் தொடங்கவேண்டிய நேரம் கடந்துகொண்டிருந்தது. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார், திருமுருகனைப் பார்த்தார். விசிலை வாயில் வைக்கவில்லை.

“சரி, இப்போ கேக்கறேன்” என்றாள் தாட்சாயிணி.

பொன்னம்மாள் மூக்கை உறிஞ்சினாள். யாரோ பணிவாக மைக்கை அவளிடம் நீட்டினார்கள். அதைப் புறங்கையால் தள்ளினாள். சற்றுத் தள்ளி நின்ற தங்கவேலுக்குக் கேட்டதும் கேட்காததுமாக, மகளின் தலைக்கு மேல் குனிந்து தொடங்கினாள்.

“எடது பக்கப் புருவம் பாதிதான். பட்டறைல இரும்புத் துணுக்கு தெறிச்சு, அங்க மட்டும் முடியே மொளைக்கல. சிரிச்சா கையால வாய மூடிக்குவாரு, முன்பல்லு ஒண்ணுமேல ஒண்ணு ஏறிகினு இருக்கும், அதுல வெக்கம். காது ரெண்டும் இப்டி வெளிய நீட்டிகினு…”

“மெதுவாம்மா” என்றாள் தாட்சாயிணி. “ஒண்ணொண்ணா சொல்லு.”